தெள்ளுப்பூச்சி: நாயின் உடம்பில் பாதி வேலைகூட இல்லை

வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. இரண்டிலும் தெள்ளுப்பூச்சி. குளிப்பாட்டினால் போகும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். மறுபடி குளிப்பாட்டினால் மறுபடி வரும். இப்போது ஒருவழியாகச் சீப்பில் எதுவும் மாட்டுவதில்லை. இரவில் வைக்கிற விளக்குப் பொறியும் காலியாகத்தான் இருக்கிறது. எது வேலைக்கு ஆனது, எது வீண் அலைச்சல் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

முதலில், இருப்பது தெள்ளுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணி தோலில் வாயைப் பதித்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். பேன் மெதுவாக ஊரும். தெள்ளு முடிக்கு நடுவே விறுவிறுவென்று ஓடும். விரலால் அமுக்கப் போனால் அங்கே இருக்காது. நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். செம்பழுப்பு நிறம். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் எவ்வளவு அடர்ந்த முடியிலும் புகுந்துவிடுகிறது. நாயிலும் சரி, பூனையிலும் சரி, பெரும்பாலும் காணப்படுவது பூனைத் தெள்ளு என்கிற ஒரே இனம். அதனால் ‘நாய்க்குத்தான் வந்திருக்கிறது, பூனைக்கு ஒன்றுமில்லை’ என்ற கணக்கு எடுபடாது.

பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுவது சுலபம். நாயை ஒரு வெள்ளைத் துணியின்மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்திலும் தொடையின் பின்பக்கமும் பேன் சீப்பால் வாரினேன். மிளகைப் பொடித்ததுபோலக் கறுப்பாக ஏதோ கொட்டியது. அதை ஈரக் காகிதத்தில் தட்டிவிட்டுப் பார்த்தேன். சாதாரண அழுக்காக இருந்தால் அப்படியே கிடந்திருக்கும். இதுவோ ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் கசிந்து பரவியது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பூனை சொறியவே இல்லை. ஆனால் பூனை நாள் முழுக்க உடம்பை நக்குகிற பிராணி. பூச்சியை விழுங்கிவிடும், தடயமும் இருக்காது. நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து, தாடைக்கு அடியிலும் பிடரியிலும் வாரினேன். அங்கேயும் அதே கறுப்புத் தூள்.

முதல் சுற்று: குளியலும் தரை ஸ்ப்ரேயும்

எல்லோரும் தொடங்குகிற இடத்தில்தான் நானும் தொடங்கினேன். தெள்ளுக்கான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். கழுத்தைச் சுற்றி முதலில் நுரை வளையம் போட்டுவிட்டு அப்புறம்தான் உடம்பை நனைக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் பட்டதும் பூச்சிகள் தலைப்பக்கம் ஏறி, காதோரமும் கண்ணோரமும் பதுங்கிக்கொள்கின்றன. நுரையை லேபிளில் சொன்ன நேரம் ஊறவிட்டு அலசினால், வடிகிற தண்ணீரே கலங்கிச் சிவப்பாக ஓடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அலசி முடித்த பிறகு ஷாம்புவின் வீரியம் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. உலர்ந்த நாய் தன் படுக்கையில் போய்ப் படுத்ததுமே அடுத்த கூட்டம் ஏறிக்கொள்ளும்.

கூடவே தரையில் ஒரு பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே அடித்தேன். வளர்ந்த பூச்சியை மட்டும் கொல்கிற சாதாரண வகை. இரண்டொரு நாள் கணுக்காலில் கடி இல்லை. அப்புறம் பழையபடி.

ஏன் என்று பார்த்தால் விஷயம் இதுதான். பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல தெம்பில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது, வழுக்கிக் கீழே விழும். நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ, குதிக்கிறதோ, உதறுகிறதோ அங்கெல்லாம் சிந்தும். முட்டையிலிருந்து வரும் புழு, கூடவே உதிர்கிற அந்தக் கறுப்பு எச்சத்தைத் தின்று வளர்ந்து, நூலால் கூடு கட்டிக்கொள்ளும். மொத்தக் கூட்டத்தில் கண்ணில் படும் வளர்ந்த பூச்சி 100க்கு 5 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி 95 முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கிறது. நான் இத்தனை நாள் அந்த ஐந்தைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சுற்று: மருந்து

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பிராணிகள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பதுதான். வீட்டு எடைமேடையில் நான் ஒரு முறை ஏறி, பூனையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை ஏறிக் கழித்துப் பார்த்தேன். நாயையும் அப்படியே. மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். கண்மதிப்பு இங்கே உதவாது.

நாய்க்கு அஃபோக்ஸோலனர் மாத்திரை, மாதம் ஒன்று. பூனைக்கு செலமெக்டின் சொட்டு மருந்து, அதுவும் மாதம் ஒரு முறை. இரண்டுக்கும் ஒரே நாளில். நாய்க்கு இன்று, பூனைக்கு அடுத்த வாரம் என்று பிரித்தால், மருந்து போடாத பிராணி முட்டை போட்டு வீட்டை நிரப்பிக்கொண்டே இருக்கும். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரை வாங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரவைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது.

சொட்டு மருந்தைப் பலர் முடியின்மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். பூனையின் பிடரியில், தலை ஓடு முடிகிற இடத்துக்குக் கீழே, முடியை இரண்டு பக்கமும் விரலால் பிரித்துத் தோல் தெரிகிறதா என்று பார்த்து, குழாயின் மூக்கைத் தோலில் வைத்துப் பிழிய வேண்டும். சரியாக விழுந்தால் தோல் மட்டும் கொஞ்ச நேரம் பளபளக்கும். முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு நின்றால் பாதி மருந்து வீண்.

இதையும் சொல்லிவிட வேண்டும். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம். நடுக்கம், வலிப்பு, சாவு வரை கொண்டுபோகும். ‘நாய் மருந்தில் பாதியைப் பூனைக்குப் போட்டால் போதும்’ என்ற யோசனை யாரிடமிருந்து வந்தாலும் காதில் வாங்க வேண்டாம். பெர்மெத்ரின் போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதும் ஆபத்துதான். முயல் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஃபிப்ரோனில் என்கிற தெள்ளு மருந்து முயலுக்கு ஆகாது.

செலவில் பெரும்பங்கு இந்த மருந்துக்குத்தான் போனது. முதல் சுற்றில் ஷாம்புவுக்கும் ஸ்ப்ரேக்கும் கொடுத்ததைச் சேர்த்துப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட இதே அளவு. என்ன, அது கையில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

வீடு

துணியில் ஆரம்பித்தேன். நாயின் படுக்கை உறை, சோபா உறை, கால்மிதி, பூனை படுக்கும் போர்வை எல்லாம் 60 டிகிரி வெந்நீரில் வாஷிங் மெஷினில். அறையிலிருந்து மெஷினுக்குத் துணியைக் கையில் உதறிக்கொண்டே தூக்கிப் போனால் வழியெல்லாம் முட்டை விதைத்ததுபோல ஆகும். பெரிய பையில் போட்டு வாயைச் சுருட்டிக் கொண்டுபோக வேண்டும். துவைக்க முடியாத ஒரு பழைய மெத்தைத் திண்டு இருந்தது. அதைக் காப்பாற்றப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அப்புறம் வாக்குவம் கிளீனர். இந்த வேலையில் ஒரே ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், ஸ்ப்ரேயை அல்ல. அகலமான முனையால் நடுத்தரையைச் சுற்றி வருவதில் அவ்வளவாகப் பயன் இல்லை. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. நடமாட்டம் இல்லாத இருட்டுக்குப் போய்விடும். ஒடுங்கிய முனையை மாட்டி, சுவரும் தரையும் சேரும் விளிம்பு, கட்டிலுக்கு அடி, கம்பளத்தின் அடிப்பக்கம், சோபாத் திண்டுகளைக் கழற்றினால் தெரியும் தையல் மடிப்புகள் என்று இழுக்க வேண்டும். சோபாவின் அந்த மடிப்பில் கிடந்தவற்றைக் கறுப்புத் துணியில் கொட்டிப் பார்த்தேன். கறுப்பு எச்சம் துணியோடு கலந்து மறைந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள் மட்டும் மின்னின. துணியைச் சாய்த்தால் உருண்டன.

அந்தக் குப்பையில் ஒரு சின்னத் தூசி உருண்டையும் இருந்தது. உளுந்தைவிடச் சிறியது, தொட்டால் லேசாக ஒட்டியது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசி நுனியால் பிரித்தேன். மேலே நூலும் மணலும் முடியும். உள்ளே முழுதாக வளர்ந்த ஒரு தெள்ளு, காலை மடக்கிக்கொண்டு அசையாமல். இன்னும் குனிந்து பார்த்தபோது என் மூச்சு பட்டதோ என்னவோ, சட்டென்று துள்ளி மேசையைத் தாண்டிப் போய்விட்டது. வெப்பம், அதிர்வு, அழுத்தம், மூச்சில் வருகிற கரியமில வாயு, இவைதான் அதற்கு ‘ஆள் வந்தாயிற்று’ என்கிற தகவல். அதுவரை கூட்டுக்குள் வாரக்கணக்கில் காத்திருக்கும். குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில்கூட. தரையில் அடிக்கிற மருந்து அந்தக் கூட்டைத் தாண்டி உள்ளே போவது கடினம். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலில் மொய்ப்பது இவைதான்.

வாக்குவம் இழுக்கிற அதிர்விலேயே கூட்டுக்குள் இருப்பவை விழித்து வெளியே வரும். வெளியே வந்தால்தான் சாகும். அதனால் முதலில் வாக்குவம், அப்புறம் ஸ்ப்ரே என்பதுதான் வரிசை. ஆரம்பத்தில் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். உள்ளே போனது பையிலிருந்து திரும்ப ஏறி வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், வாக்குவத்துக்குள் போன வளர்ந்த பூச்சிகளில் 96 சதவீதம் செத்துவிட்டன. ஆகவே பையைக் கொளுத்துவது, உறைய வைப்பது எல்லாம் வேண்டியதில்லை. ஆனாலும் கட்டி வெளியே எறிந்துவிடுவேன், மனசு கேட்காது.

இந்தமுறை ஸ்ப்ரேயை மாற்றினேன். வளர்ந்ததைக் கொல்லும் மருந்தோடு பைரிப்ராக்ஸிஃபென் கலந்த வகை. இது பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும். முட்டை பொரியாது, புழு முழுப் பூச்சி ஆகாது. மெத்தோப்ரீன் என்று இதே வேலையைச் செய்கிற இன்னொன்றும் உண்டு. ஆனால் அது வெயில் பட்டால் சிதைந்துவிடும். எனக்கு ஜன்னலோர அறையும் இருந்ததால் முதலாவதை எடுத்தேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் படும்படி டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அறைக்கு நடுவில் வைத்துத் திறந்துவிடுகிற புகைக் குப்பியை வாங்கவில்லை. அதன் புகை மேலே போய்த் திறந்த இடத்தில்தான் படியும். கட்டிலுக்கு அடியில் எட்டாது.

அடிக்கும்போது பிராணிகளும் குழந்தைகளும் வேறு அறையில். நன்றாக உலரும்வரை பூனையை உள்ளே விடக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்ப்பை நிறுத்திவிட வேண்டும். இந்த ஸ்ப்ரேக்களில் வரும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கு ஆகவே ஆகாது.

மறுபடி கிளம்பிய கூட்டம்

எல்லாம் செய்து முடித்து கொஞ்ச நாள் ஆனதும் தெள்ளு முன்பைவிட அதிகமாகத் தெரிந்தது. மருந்து போலி என்று நினைக்கத் தோன்றும் இடம் இதுதான். பலர் இங்கேதான் மருந்தை மாற்றுவது, அளவைக் கூட்டுவது என்று இறங்குகிறார்கள். உண்மையில் ஏற்கெனவே கூடு கட்டியவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவற்றை ஸ்ப்ரேயால் நிறுத்த முடியாது. வர விட்டு, வந்ததைச் சாகடிக்கத்தான் முடியும்.

இங்கே நாயையும் பூனையையும் படுக்கையறைப் பக்கமே விடாமல் அடைத்துவைத்திருந்தேன். மருத்துவர் அதை மாற்றச் சொன்னார். மருந்து ஏறிய பிராணி வீடு முழுக்க நடமாட வேண்டும். புதிதாக வெளிவந்த பூச்சி அதன்மேல்தான் ஏறும், முட்டையிடுவதற்கு முன்பே சாகும். பிராணியை அடைத்துவைத்தால் ஏறுவதற்கு மிஞ்சுவது நம் கால்தான். கதவைத் திறந்துவிட்ட பிறகு கணுக்காலில் கடி சீக்கிரமே குறைந்தது.

குறைகிறதா என்பதை ஊகத்தில் விடாமல் அளக்க ஒரு பொறி வைத்தேன். வெள்ளைத் தட்டு, விரல்கணு ஆழத்துக்குத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் தெள்ளு தண்ணீர்மேல் மிதந்து தப்பித்துவிடும். தட்டுக்கு ஒரு சாண் மேலே மேசைவிளக்கு, மற்ற எல்லா விளக்கும் அணைந்த அறை. பிராணிகள் அந்தத் தண்ணீரைக் குடிக்காதபடி இரவில் கதவைச் சாத்திவிடுவேன். விளக்கை நடுநடுவே சில விநாடி அணைத்துப் போட்டால் இன்னும் நிறைய விழும். மேலே நிழல் விழுந்ததுபோல நினைத்துத் துள்ளுகின்றன. பொறி தெள்ளை ஒழிக்காது, சுற்றுவட்டாரத்தில் இருப்பதை மட்டும் இழுக்கும். ஆனால் எங்கே அதிகம் என்று காட்டிக்கொடுக்கும்.

அதுதான் பெரிய உதவியாக இருந்தது. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு அறையில் வைத்து, காலையில் எண்ணி, அறைவாரியாகக் குறித்துவந்தேன். கூடத்தில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. படுக்கையறையிலும் அப்படியே. தட்டுமுட்டுச் சாமான் அறையில் மட்டும் இறங்கவில்லை. யாரும் போகாத அறை. உள்ளே போய்ப் பெட்டிகளை நகர்த்தினால், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் மடித்துப் போட்டிருந்த ஒரு போர்வை, நடுவில் வட்டமாக அமுங்கி, பூனை முடியோடு. பூனை பகலில் காணாமல் போவது இங்கேதான். போர்வையைத் தூக்கினால் அதன் அடியில் தரையே கறுப்பாக இருந்தது. நாயின் படுக்கையைத் திரும்பத் திரும்பத் துவைத்ததெல்லாம் சரிதான், கிடங்கு இங்கே இருந்திருக்கிறது.

போர்வையைத் தூக்கி எறிந்து, அறையைக் காலிசெய்து, வாக்குவமும் ஸ்ப்ரேயும் மறுபடி அந்த ஓர் அறைக்கு மட்டும். அதன்பிறகு பொறியின் கணக்கு எல்லா அறையிலும் ஒன்றாக இறங்கியது. முழுக்க நிற்க எப்படியும் மூன்று மாதம் விட வேண்டும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். பூச்சி தெரியவில்லை என்று இரண்டாவது மாத மருந்தைத் தவறவிட்டால் மொத்தமும் மறுபடி ஆரம்பம்.

இடையில் பூனையின் வாலடியில் அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தன. நாடாப்புழுவின் துண்டுகள். புழுவின் குஞ்சு தெள்ளுக்குள் இருக்கும். நக்கும்போது தெள்ளை விழுங்கினால் குடலுக்குள் போய் வளரும். அதற்குத் தனிக் குடற்புழு மாத்திரை. தெள்ளு மருந்து மட்டும் போட்டால் இது போகாது.

வேலைக்கு ஆகாதவை: பூண்டு தின்னக் கொடுப்பதால் தெள்ளு போகாது, நாய் பூனை இரண்டுக்கும் அது கெடுதலும்கூட. டீ ட்ரீ எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. டயட்டமேசியஸ் மண், அதாவது நுண்பாசிகளின் ஓடுகளாலான தூள், பூச்சியை உலர்த்திக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் வீடெல்லாம் தூசி, ஈரம் பட்டால் பலனில்லை, மூச்சில் போனால் நமக்கும் நல்லதல்ல. ஒரு மூலையில் தூவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த முறை வந்தால், ஷாம்புவைத் தொடவே மாட்டேன். முதல் நாளே எடை பார்த்து இரண்டு பிராணிக்கும் மருந்து. ஸ்ப்ரே வாங்குவதற்கு முன்பே எல்லா அறையிலும் பொறி வைத்து எண்ணிவிடுவேன். எந்த அறை என்று தெரிந்தால் மருந்தும் பாதி மிச்சமாகும். பூனை எங்கெங்கே படுக்கிறது என்பதைச் சில நாள் பின்தொடர்ந்து பார்த்து எழுதிவைப்பேன். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் முட்டையும் புழுவும் காய்ந்து சாகும் என்பதால் அடைசலான அறைகளின் ஜன்னலை வறண்ட நாட்களில் திறந்துவைப்பேன்.

வாங்கிய சாமான்களில் இப்போதும் கையில் இருப்பது பேன் சீப்பு, உலோகப் பல் வைத்தது. பிளாஸ்டிக் பல் அடர்ந்த முடியில் வளைந்து பூச்சியை விட்டுவிடுகிறது. வாரம் ஒரு முறை, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு, வாலடி, தொடை, பிடரி. நாயின் படுக்கையை உறை கழற்றித் துவைக்கிற மாதிரியாக மாற்றிவிட்டேன், இரண்டு உறை. ஒன்று துவைக்கப் போகும்போது இன்னொன்று.